டிரைவ் பெயரை மாற்றலாம். எழுத்தை மாற்றும் முன் கவனம் தேவை

கணினியில் டிரைவின் பெயரும், அதைக் குறிக்கும் 'டி', 'இ' போன்ற எழுத்தும் வெவ்வேறானவை. விண்டோஸில் பெயரை மாற்ற, டிரைவின் மீது வலது கிளிக் செய்து 'ரீநேம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், கோப்புகளுக்குப் பாதிப்பில்லை.

எழுத்தை 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' மூலம் மாற்றலாம். அப்போதும் கோப்புகள் அழியாது. ஆனால், பழைய எழுத்தை முகவரியாகக் கொண்டு இயங்கும் மென்பொருள்களும், தானாக நகலெடுத்துச் சேமிக்கும் பணிகளும் நின்றுபோகக்கூடும். விண்டோஸ் நிறுவப்பட்ட 'சி' டிரைவின் எழுத்தை மாற்றக் கூடாது.

கேரளப் பள்ளிகளில் நிலைமை வேறு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 'கைட்' நிறுவனம் அங்கு வழங்கும் லினக்ஸில் டிரைவ் எழுத்துகளே இல்லை. பென்டிரைவ் அதன் பெயராலேயே அடையாளம் காணப்படுகிறது. எனவே, இரு வகைக் கணினிகளிலும் பயன்படுத்தும் பென்டிரைவுக்கு, 'ஃபேட் 32' முறையின் வரம்பான 11 ஆங்கில எழுத்துகளுக்குள் தெளிவான பெயரிடுவது நல்லது.