முடிவுறாத பாவசங்கீர்த்தனம்

மணப்பாட்டு மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். அக்குன்றின் கடற்புறத்தில், புனித சவேரியார் தங்கிச் செபித்ததாக நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லிவரும் குகை. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வருவோருள் அங்கே சிரம் தாழ்த்தாதவர் அரியர். 1542-இல் இக்கரைக்கு வந்த சவேரியாரை அறிவோம். அவருடைய ஞானத்தந்தையாகிய புனித இஞ்ஞாசியார் பட்ட துன்பமொன்றை நம்மிற் பலர் அறியோம்.

1522-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டு மன்ரேசா நகர். அதற்குச் சற்று முன்னர்தான் அவர் மூன்று நாள் செலவிட்டு, வாழ்நாட் பாவங்களையெல்லாம் எழுதி அறிக்கையிட்டிருந்தார். ஆயினும் ஏதோ ஒன்றை மறந்துவிட்டோம் என்ற எண்ணம் அவரை விட்டபாடில்லை. மறுபடி அறிக்கை, மறுபடி ஐயம். மிகத் தெளிவானவை தவிரப் பழையவற்றைச் சொல்ல வேண்டாம் என்றார் ஆன்மகுரு. அவருக்கோ எல்லாமே தெளிவாய்த் தோன்றின! அறையிலிருந்த பெருந்துவாரத்தின் வழியே குதித்து உயிர்விடும் தூண்டுதலும் எழுந்தது. ஒரு வாரம் உண்ணாதிருந்தும் பயனில்லை. பழம்பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பின்னரே விடுதலை பெற்றார்.

ஐயுறு மனச்சான்று என இதனைக் குருமடத்தில் பயின்றோம். புனிதருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலையன்று. ஆனால் இத்தகைய துன்பம் முற்றிய பலருக்கு இருப்பது எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி., என்கின்றனர் மருத்துவர். நற்கருணை வாங்கும் வேளையில் தேவதூஷண எண்ணம் ஒருவருக்கு. பிள்ளையைக் கையிலேந்திய தாய்க்கு, இதைக் கிணற்றில் எறிந்துவிடுவோமோ என்ற திகில். இலங்கையரான உளநூல் அறிஞர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய எண்ணங்கள் நோயற்றோருக்கும் வருவதைக் காட்டிற்று. நாம் 'சீ' என்று கடந்துபோகிறோம். நோயுற்றவரோ அவ்வெண்ணத்தை விசாரணைக்கு நிறுத்துகிறார், விசாரணை முடிவதேயில்லை. அந்தத் தாய் பிள்ளையை வெறுப்பவள் அல்லள். உயிராய் நேசிப்பதாலன்றோ நடுங்குகிறாள்!

நம் பிழையையும் ஒளிக்கலாகாது. இளங்குருவாயிருந்த நாளில், பங்கு இல்லத் திண்ணைக்கு இவ்வாறு கலங்கி வந்தோரை, "பாவமில்லை, போய் வாருங்கள்" என்று பன்முறை தேற்றியனுப்பினோம். அரை நாழிகை நிம்மதி; பின்னர் அதே கேள்வியோடு திரும்புவர். நம் தேறுதலே எரிகிற தீயில் வார்த்த எண்ணெயாயிற்று என்பது பிந்தியே விளங்கிற்று.

1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பார் வெளியிட்ட சிகிச்சைமுறை இதற்கு நேர்மாறானது. அஞ்சும் எண்ணத்தை வரவிடுவது, அதைத் தணிக்கக் கை கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், அதே செபத்தைத் திரும்பச் சொல்லுதல், "பாவமா?" என்று கேட்டல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாய் விடுவது. அச்சம் முதலில் ஏறும், பின்னர் தானே வடியும். தேர்ந்தவரின் துணையோடு செய்ய வேண்டியது இது. மருந்துகளும் உண்டு; பலன் தெரியச் சில வாரங்களாகும். மருந்துண்பது விசுவாசக் குறைவாகாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பத்தாம் முறை கேட்கும்போது சினவாதீர், பதிலும் தராதீர். "இது அந்த நோயின் கேள்வி, வா, சாப்பிடுவோம்" என்றால் போதும். ஒரே ஆன்மகுரு, குறித்த நாள், சொன்னதைத் திரும்பச் சொல்வதில்லை என்று குருவோடும் உடன்பாடு செய்துகொள்க.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. அரசின் டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416; தமிழிலேயே பேசலாம். உயிர்விடும் எண்ணம் தலைதூக்கினால் அன்றைக்கே செல்க. தனியே போகக் கூசுவோர் நம்மிடம் சொல்லட்டும், பேருந்தில் உடன் வருவோம்.