உங்களுக்குத் தெரியுமா? சட்டத்தைச் சுழலவிட்ட பம்பரம்

உணவுக் கல்விக்கென்றே 2005இல் தனிச் சட்டம் இயற்றிய நாடு ஜப்பான். சட்டப் பிரிவுகளை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மக்களிடம் போய்ச் சேர்ந்தது, எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று காட்ட அதே ஆண்டு அரசு வெளியிட்ட பம்பரப் படம்தான். அங்கே பிள்ளைகள் காலங்காலமாகச் சுற்றிய விளையாட்டுப் பொருள் அது. மேல்தட்டில் சோறு, ரொட்டி, நூடுல்ஸ்; அடுத்துக் காய்கறி; அதன்கீழ் மீன், இறைச்சி, முட்டை, சோயா; கூரான அடியில் பாலும் பழமும். நடு அச்சு, தண்ணீரும் தேநீரும். உச்சியில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் நின்றால் பம்பரம் சாய்ந்துவிடும். தின்பண்டம்? அது சுற்றிவிடும் கயிறு! விலக்கு இல்லை, அளவோடு போதும்.

படம் போட்டால் சாப்பாடு மாறிவிடுமா என்று கேட்கலாம். படம் மட்டும் என்றால் மாறாது. ஆனால் 1954லேயே பள்ளி மதிய உணவுக்குச் சட்டம் கண்ட நாடு அது; 2005இல் ஊட்டச்சத்து ஆசிரியர்களும் வந்தார்கள். என் தட்டில் அரசுக்கு என்ன வேலை என்ற முணுமுணுப்பும் நியாயமே. அதனால்தானோ என்னவோ, பம்பரம் கிராம் கணக்கு கேட்பதில்லை. கிண்ணங்களையும் தட்டுகளையும்தான் எண்ணச் சொல்கிறது. அங்கே மாதந்தோறும் 19ஆம் தேதி உணவுக் கல்வி நாள்.