வெள்ளியில் ஏறிய மோட்டார் சைக்கிள்

நாணயத்தின் இரு பக்கங்களையும் தலை என்றும் பூ என்றும் நாம் வழங்குகின்றோம். தலையெனப்படுவது அரசன் தலையே. நாணயத்தில் உருவம் பொறிக்கப்பெறுதல் நெடுங்காலம் தெய்வங்களுக்கும் ஆள்வோர்க்குமே உரிய பெருமையாயிருந்தது. அப்பெருமையை ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அளித்தது செக் நாடு. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தேசிய வங்கி ஜாவா 250 என்னும் வண்டியைச் சிறப்பித்து 500 கொருனா மதிப்புள்ள வெள்ளி நாணயம் ஒன்றை வெளியிட்டது. ஓர் இயந்திரத்துக்கு இத்துணைச் சிறப்புச் செய்வானேன் என்பதையும், இந்நாணயம் பணமோ பதக்கமோ என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

பிராகா நகரில் படைக்கலத் தொழிற்சாலை நடத்திவந்த பிரான்டிஷெக் யானெச்செக் என்னும் பொறிஞர், 1929-இல் மோட்டார் சைக்கிள் தொழிலில் இறங்கினார். வாண்டரர் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் வண்டியைச் செய்யும் உரிமையைப் பெற்று, தம் பெயரின் முதலெழுத்துக்களையும் அந்நிறுவனப் பெயரின் முதலெழுத்துக்களையும் இணைத்து ஜாவா எனப் பெயரிட்டார். சாவகத் தீவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. பின்னர் அந்நாடு ஜெர்மானியர் பிடியில் அகப்பட்டது. யானெச்செக் 1941-இல் காலமானார். தொழிற்சாலை அயலார்க்காக உழைக்கவேண்டியதாயிற்று. குடிமக்களுக்கான புதுவண்டி ஆக்குதற்கு இடமில்லை. ஆயினும் பொறிஞர்கள், போர் முடிந்தபின் தம் நாட்டுக்கு வேண்டுமென்று, புதிய 250 வண்டியொன்றை மறைவாக வரைந்து, செய்து, ஓட்டியும் பார்த்தனர். ஆதலின், 1946-இல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வண்டி முழு வடிவில் வெளிப்பட்டபோது கண்டோர் வியந்தனர்.

அதனை மக்கள் 'பேராக்' என்றழைத்தனர். வில்லுடையது என்பது பொருள். பின்சக்கரத்தையும் சுருள்வில் தாங்கியமையால் வந்த பெயர் அது. ஆனால், போர்க்காலப் பிராகாவில் கால்களில் வில்லைக் கட்டிக்கொண்டு இரவில் மதில்களைத் தாவி ஜெர்மானியரை அலைக்கழித்த ஒருவனைப்பற்றிய கட்டுக்கதையும் உலவிற்று. அவன் பெயரும் பேராக்கே. ஒரே பெயர் இருவர்க்கும் வாய்த்தது எத்துணைப் பொருத்தம்! வண்டியின் நுட்பமும் எளிதன்று: இரண்டடி இயக்கமுள்ள ஒற்றை உருளை எஞ்சின், ஆற்றல் 9 குதிரைத் திறன், கியர் மிதியை அழுத்துங்கால் கிளச்சு தானே விலகும். அந்நாளில் இஃது அரிய வசதி.

நம் தென்னாட்டவர்க்கு ஜாவாவின் ஒலி புதிதன்று. 1961 முதல் மைசூரில் இவ்வினத்துப் பிற்கால வண்டிகள் செய்யப்பட்டன. 1973 முதல் யெஸ்டி என்னும் பெயர் பூண்டன. அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பெற்றது.

இனி நாணயத்தைக் காண்போம். எடை 25 கிராம். குறுக்களவு 40 மில்லிமீட்டர். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. தூய வெள்ளி மென்மையானது ஆதலின் உறுதிக்காகப் பிற உலோகம் சேர்ப்பது வழக்கம். கணக்கிட்டால் இதிலுள்ள தூய வெள்ளி 23 கிராமுக்குச் சற்று மேல். இதனை அச்சிட்டது யாப்லோனெத்ஸ் நகரத்துத் தங்கசாலை. இருவகையாக வெளிவந்தது. ஒன்று வழக்கமான வகை. அதன் விளிம்பில் வரிப்பற்கள் உண்டு. முற்காலத்தில் வஞ்சகர் வெள்ளியைச் சுரண்டி எடுப்பதைக் காட்டிக்கொடுக்க ஏற்பட்டவை அப்பற்கள். இன்று அவை மரபாக நிற்கின்றன. மற்றொன்று 'புரூஃப்' எனப்படும் சிறப்பு வகை. இவ்வகைக்கு அச்சையும் வெள்ளித் தகட்டையும் முன்னரே மெருகிட்டு, ஒருமுறைக்கு மேல் அழுத்துவர். அதனால் வெற்றிடம் கண்ணாடிபோல் மின்ன, உருவம் பனிபடர்ந்தாற்போல் வெண்மையாய் எழுந்து நிற்கும். இதன் விளிம்பு வழவழப்பானது. வங்கியின் பெயரும் வெள்ளியின் தரமும் எடையும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

இது பணமா? சட்டப்படி பணமே. 500 கொருனாவுக்கு இதனைக் கொடுத்துப் பண்டம் வாங்கலாம். எவரும் வாங்கார் என்பது வேறு. இதற்கு மூன்று மதிப்புக்கள் உள. முகமதிப்பு அரசின் வாக்கு, அது மாறாது. உலோகமதிப்பு வெள்ளிச் சந்தையோடு ஏறியிறங்கும். சேகரிப்போர் கொடுக்கும் விலையோ விருப்பத்தையும் அருமையையும் பொறுத்தது. வெள்ளி எவ்வளவு வீழினும் முகமதிப்பு கீழே தாங்கிநிற்கும். தனியார் வார்க்கும் பதக்கத்துக்கு அத்தாங்கல் இல்லை. நாணயமென்று சொல்லி விற்கப்படும் பளபளப்பான வட்டத்தை வாங்குமுன், வெளியிட்டது யார், அதனை மீளப் பெறும் கடப்பாடு யாருக்குண்டு என்று மாணவர் வினவுதல் நன்று. விரைவில் விலை பன்மடங்காகும் என்னும் விற்போர் பேச்சை நாம் நம்புவதில்லை.

வாங்கியோர் பெரும்பாலும் கெடுப்பது துலக்குவதால். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு வெள்ளி கருக்கும். உடனே வீட்டு வெள்ளிக்கிண்ணத்தைத் தேய்ப்பதுபோல் திருநீறிட்டுத் தேய்ப்பாருண்டு. கருமையோடு பனிவெண்மையும் போய்விடும். கண்ணாடிப் பரப்பில் கீறல்கள் விழும். சேகரிப்போர் அதனைத் திரும்பியும் பாரார். விளிம்பை மட்டும் பற்றி எடுத்து, உறையிலிட்டு, ஈரமில்லாத இடத்தில் வைத்தலே போதும்.