கேமராவுக்கு ஈஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் பிளான் போடுங்க

டிசம்பர், ஜனவரி வந்தாலே இன்ஸ்டாகிராம் முழுக்க பறவை போட்டோதான். மஞ்சள் மூக்கு நாரை சிறகை விரிச்சு கூட்டில் இறங்குற மாதிரி ஒரு படத்தைப் பார்ப்போம். அரை மணி நேரத்தில் ஷாப்பிங் ஆப் திறந்திருக்கும். ஒரு கேமரா பாடி, ஒரு 150-600 எம்எம் லென்ஸ், மொத்தம் ஒன்றரை லட்சம். கீழே பெரிய எழுத்தில் 'நோ காஸ்ட் ஈஎம்ஐ, மாசம் 12,500'.

அந்த பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கேமரா வாங்கக்கூடாதுன்னு சொல்ல வரலை. எத்தனை நாள் அதை வெளியே எடுத்துக்கிட்டுப் போவீங்க என்பதுதான் கேள்வி.

முதலில் நோ காஸ்ட் ஈஎம்ஐ. வட்டி இல்லைன்னு அர்த்தம் கிடையாது. வங்கி வட்டி போடும். கடைக்காரரோ கம்பெனியோ அதே அளவு தொகையை விலையில் தள்ளுபடியாகக் கொடுப்பார்கள். வருஷத்துக்கு 15% வட்டின்னு வெச்சுக்கிட்டா, 12 மாச ஈஎம்ஐயில் வட்டி மட்டும் சுமார் 11,500 ரூபாய். இது தள்ளுபடியில் கழிஞ்சிடும், சரி. ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி இருக்கே, சுமார் 2,070 ரூபாய், அது உங்க கையில் இருந்துதான் போகும். அது போக புராசஸிங் ஃபீஸ். மொத்தமா பணம் கட்டினால் கிடைக்கிற கேஷ் டிஸ்கவுண்ட் பல நேரம் ஈஎம்ஐயில் கிடைக்காது. 2 லட்சம் லிமிட் உள்ள கார்டுன்னா லிமிட்டில் பெரும்பகுதி இந்த ஒரு பர்ச்சேஸிலேயே அடைபட்டுவிடும். கிரெடிட் ஸ்கோருக்கு அதுவும் நல்லதில்லை.

இப்போ முக்கியமான கணக்கு. மூணு வருஷம் கழிச்சு இந்த செட்டை பாதி விலைக்கு வித்துடலாம்னு வெச்சுக்குவோம். அப்படியானால் உங்களுக்கு உண்மையான செலவு 75,000 ரூபாய். இதே பாடியும் லென்ஸும் சேர்த்து நாள் வாடகை 2,000 ரூபாய்னு எடுத்துக்கோங்க (உங்க ஊரில் என்ன ரேட்டுன்னு கேட்டு அந்த நம்பரை இங்கே போடுங்க). 75,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 37 நாள் சொச்சம். அதாவது மூணு வருஷமும் மாசத்துக்கு ஒரு நாளாவது விடாமல் போனால்தான் வாங்குறது லாபம். வருஷத்துக்கு ஆறு தடவை போறவருக்கு மூணு வருஷ வாடகை 36,000 ரூபாய்தான். மீதி 39,000 ரூபாய் அலமாரியில் தூங்குகிற லென்ஸுக்கு.

தூங்குகிற லென்ஸ் சும்மாவும் தூங்காது. சென்னை ஈரப்பதத்துக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லுமாவது வாங்கணும். அதுக்கு மேல இன்சூரன்ஸ், பை, கூடுதல் பேட்டரி. வாடகைக்கு எடுக்கிறவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

சரி, அந்த ஒரு நாள் எப்படி இருக்கணும்?

வாடகை எடுக்கும்போது ஒரு நாள் வீணானால் 2,000 ரூபாய் வீண். அதனால் பிளானிங் தானாகவே ஒழுங்காக வரும். வேடந்தாங்கலையே எடுத்துக்கலாம். சென்னையில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி ரோட்டில் படாளம் கூட்ரோடு வந்து திரும்பணும். பைக்கில் போய் வர 4 லிட்டர் பெட்ரோல், 400 ரூபாய். சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம் எல்லாத்துக்கும் 400 ரூபாய் ஒதுக்குங்க. வாடகையோடு சேர்த்து 2,800 ரூபாய் பட்ஜெட்.

தேதியை எப்படி முடிவு பண்றது? காலண்டரைப் பார்த்து இல்லை, ஏரியைப் பார்த்து. சீசன் நவம்பரில் இருந்து மார்ச் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பலைன்னா பறவைகள் வேற ஏரியைத் தேடிப் போயிடும். ஈபேர்ட் தளத்தில் வேடந்தாங்கல் ஒரு ஹாட்ஸ்பாட். போன ரெண்டு வாரத்தில் போனவங்க எந்தப் பறவையை எத்தனை பார்த்தாங்கன்னு பட்டியல் போட்டிருப்பாங்க. இலவசம். அதைப் பார்த்துட்டு லென்ஸ் புக் பண்ணுங்க. புக் பண்ணும்போதே, தேதியை மாத்தினால் பணம் பிடிப்பாங்களான்னு கேட்டுடுங்க.

பொங்கல் லீவில், முக்கியமா காணும் பொங்கலன்னிக்கு, போகவே போகாதீங்க. கரையில் நிற்க இடம் இருக்காது. ஒரு சிஎல் போட்டு புதன்கிழமை போறது அந்த லீவுக்கு நியாயமான விலை.

அடுத்தது நேரம். ஜனவரி நடுவில் சென்னைப் பக்கம் சூரிய உதயம் காலை 6:35 வாக்கில். அப்போ சூரியன் நேர் கிழக்கில் உதிக்காது. தெற்குப் பக்கமா 20 டிகிரிக்கு மேல தள்ளி வரும். முந்தின நாள் ராத்திரியே மேப்பில் சாட்டிலைட் வியூ போட்டு, கரை எந்தப் பக்கம், மரங்கள் எந்தப் பக்கம், வெளிச்சம் முதுகுக்குப் பின்னாடி இருந்து வருமா, மூஞ்சிக்கு நேரா வருமான்னு பார்த்து வெச்சுக்கோங்க. சன் சர்வேயர், ஃபோட்டோபில்ஸ் மாதிரி ஆப்கள் இதைக் கோடு போட்டே காட்டும். நம்ம ஊரில் சூரியன் சட்டுனு மேல ஏறிடும். எட்டரை மணிக்கு மேல வெயில் வெளுத்து, வெள்ளைச் சிறகில் விவரமே தெரியாது. எனவே விடியற்காலை 4 மணிக்கு வண்டி கிளம்பணும், இல்லைன்னா மதியம் 3 மணிக்கு உள்ளே இருக்கணும். என் ஓட்டு சாயங்காலத்துக்கு. பக்கத்து வயல், ஏரிகளில் மேய்ஞ்ச பறவைகள் கூட்டம் கூட்டமா கூடு திரும்புகிற நேரம் அது.

(இந்த ஊர்க்காரங்க 200 வருஷத்துக்கும் மேலாக இந்தப் பறவைகளைப் பாதுகாத்து வர்றாங்க. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டாங்க. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். நான் பார்த்ததிலேயே நீண்ட கால முதலீடு இதுதான்.)

லென்ஸ் கைக்கு வந்ததும் முதல் வேலை, போனில் வீடியோ எடுக்கிறது. முன் கண்ணாடி, பின் பக்க மவுண்ட், சீரியல் நம்பர், ஜூம் வளையம் எல்லாம் தெளிவாகத் தெரியணும். ஏற்கெனவே இருந்த கீறலுக்கு உங்க டெபாசிட்டில் கை வைக்காமல் இருக்க இந்த ரெண்டு நிமிஷ வீடியோதான் ஆதாரம். சேதமானால் யார் எவ்வளவு கட்டணும்னு ஒப்பந்தத்தில் இருக்கிற வரியைக் கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்து சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தால் ஒரு நாளா, ரெண்டு நாளா? இதையும் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வெச்சுக்கோங்க.

ஒரு நாள்னுதான் கணக்கு வந்தால், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை வீணாக்காதீங்க. மொட்டை மாடிக்குப் போய் காக்காவையும் பருந்தையும் எடுத்துப் பழகுங்க. இந்த லென்ஸ் கிட்டத்தட்ட 2 கிலோ. பறக்கிற பறவையை ஃபிரேமுக்குள் பிடிக்கிறதே முதல் தடவை பத்து நிமிஷம் வராது. அதை வேடந்தாங்கல் கரையில் கத்துக்கிட்டா நல்ல வெளிச்சம் போயிடும். ஷட்டர் 1/2000-ல் ஆரம்பிங்க, தொடர் ஃபோகஸ் வைங்க, ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விடுங்க.

டிரைபாட் வாடகைக்கு எடுக்க வேண்டாம். பழைய ஜீன்ஸ் காலில் ஒரு பை தைத்து, 2 கிலோ அரிசி போட்டுக் கட்டினால் பீன் பேக் ரெடி. கைப்பிடிச் சுவர் மேல வெச்சு அதில் லென்ஸைச் சாய்ச்சுக்கலாம். மங்கலான கலர் சட்டை போடுங்க. மெமரி கார்டை வீட்டிலேயே ஃபார்மேட் பண்ணி, பேட்டரி ரெண்டையும் சார்ஜ் போட்டு வைங்க.

வந்ததும் ஒரு ஷீட்டில் நாலு காலம்: தேதி, இடம், மொத்தச் செலவு, பிரிண்ட் போடுற அளவுக்கு எத்தனை படம். ஆறு மாசம் எழுதுங்க. கூடவே ஈஎம்ஐக்குப் போயிருக்க வேண்டிய 12,500 ரூபாயில், வாடகையும் பயணமும் போக மிச்சத்தை ஆர்டியில் போடுங்க. ஆறு மாச முடிவில் ஷீட்டில் ரெண்டு வரிதான் இருந்தால், அந்தப் பணத்தை உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு மாத்திடலாம். மாசம் ஒரு வரி வீதம் ஆறு வரி இருந்தால் தாராளமா வாங்கலாம். கையில் 50,000-க்கு மேல ரொக்கமும் இருக்கும். முதலில் செகண்ட் ஹேண்ட் லென்ஸைத் தேடுங்க. பார்க்கப் போகும்போது போன் டார்ச்சை லென்ஸுக்குப் பின்னாடி பிடிச்சு முன் பக்கமா பாருங்க. பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். பாடிக்கு ஷட்டர் கவுண்ட் எவ்வளவுன்னு கேளுங்க. ஒரிஜினல் பில் இல்லைன்னா விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் திரும்பி வந்துடுங்க.