வேப்பந்தாரும் அடையாள இலக்கமும்

சென்ற ஆண்டு என் தமக்கையாரின் கணவர் காலமானார். மரண அறிவித்தலை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நெடுங்காலம் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு இத்தகைய பணிகள் தாமாகவே வந்து சேரும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர் பெயர், மக்கள் மருமக்கள் பெயர்கள், அவர்கள் வாழும் நாடுகள், ஈற்றிலே தொடர்புக்குரிய தொலைபேசி இலக்கங்கள் என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். எவர் பெயரேனும் விடுபட்டால் உறவிலே மனத்தாங்கல் வரும் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். அறிவித்தல் பத்திரிகையிலும் வந்தது, இணையத்திலும் ஏறியது. முப்பத்தோராம் நாளுக்கென அச்சிட்ட கல்வெட்டிலே குடும்ப வரலாற்றை இன்னும் விரிவாக வரைந்தேன். அதனையும் பிள்ளைகள் இணையத்தில் இட்டனர். நன்றாக எழுதியிருப்பதாகப் பலர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

எல்லாரினும் கருத்தூன்றி அதனை வாசித்த ஒருவன் மட்டும் பாராட்டவில்லை. அவன் என் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தான்.

"அம்மா, நான் ரொறன்ரோவிலயிருந்து கதைக்கிறன். உங்கட மகனோட ஒண்டா வேலை செய்யிறனான். ஐயா மோசம் போனதைக் கேள்விப்பட்டு எங்களுக்குப் பெரிய கவலை."

நண்பர்கள் சேர்ந்து சிறிது பணம் திரட்டியிருப்பதாகவும், மகன் அறிந்தால் வேண்டாமென்று மறுத்துவிடுவான் ஆதலின் அவனுக்கு இப்போது சொல்ல வேண்டாமென்றும் கூறினான். பணத்தை அனுப்ப வங்கிக் கணக்கின் இலக்கமும் அடையாள அட்டையின் இலக்கமும் வேண்டும் என்றான். தமக்கையார் இரண்டையும் வாசித்தார். உடனே அவன், "உங்கட பிறந்த நாள் இன்ன நாள்தானே, அம்மா?" என்று கேட்டான். சரியாக இருந்தது. பிள்ளைகளையன்றி வேறெவரும் அறியாத நாளை இவன் அறிந்திருக்கிறானே, மகன்தான் சொல்லியிருப்பான் என்று அவர் எஞ்சியிருந்த ஐயத்தையும் விட்டுவிட்டார்.

அந்த நாளை அவனுக்குச் சொன்னவர் வேறெவருமல்லர், தமக்கையாரேதான். நமது பழைய அடையாள அட்டையின் இலக்கத்தில் 9 எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் உண்டு. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிப்பன. பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்படும். 51533 என்று தொடங்கும் இலக்கத்தைக் காண்பவன், இவர் 1951 ஆம் ஆண்டின் 33 ஆவது நாளாகிய பெப்ரவரி 2 ஆம் திகதி பிறந்த ஒரு பெண் என்று ஒரு நொடியில் கூறிவிடுவான். 2016 முதல் வழங்கப்பெறும் 12 எண் இலக்கத்திலும் பிறந்த ஆண்டு நான்கு எண்ணாக விரிந்ததேயன்றி முறை மாறவில்லை. (இஃது எடுத்துக்காட்டு மாத்திரமே. தமக்கையாரின் பிறந்த நாளை இனி எங்கும் எழுதுவதாயில்லை.)

சிறிது நேரத்தில் அவருடைய கைத்தொலைபேசிக்கு ஆறு எண்கள் கொண்ட குறுஞ்செய்தி வந்தது. "அதை ஒருக்கா வாசியுங்கோ அம்மா, காசு வந்து சேர்ந்திடும்" என்றான். உண்மையில் நடந்தது இதுவே: அவன் தமக்கையாரின் கணக்கை இணையவழியாகத் தான் ஆள்வதற்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். வங்கியின் கணினி, விண்ணப்பிப்பவர் கணக்குக்கு உரியவர்தாமா என்று அறிவதற்காக உரியவரின் தொலைபேசிக்கு அவ்வெண்களை அனுப்பியது. அவற்றை வாசித்த கணத்தில் அவன் தமக்கையாராகிவிட்டான். எவருக்கும் சொல்லற்க என்று அச்செய்தியின் அடியில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் பின்னர் நான் பார்த்தேன். மாலைக்குள் அத்தானின் சேமிப்பிற் பெரும்பகுதி போய்விட்டது.

வங்கிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அவரை அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் அவர் சொன்னார்: "காசு போனது போகட்டும், தம்பி. அவன் என்னை அம்மா எண்டு கூப்பிட்டவன். நானும் 'சொல்லு ராசா' எண்டு கதைச்சனான்."

எனக்கு மறுமொழி வரவில்லை. அவன் நடித்த பாத்திரத்துக்கு வசனம் எழுதிக் கொடுத்தவன் நானல்லவா?

அன்றிரவு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. அகத்திணைப் பாட்டில் ஒருவருடைய பெயரையும் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதித்த மரபு. தலைவன், தலைவி என்பதோடு புலவன் நின்றுவிட வேண்டும். நெடுநல்வாடையிலும் நக்கீரர் எவர் பெயரையும் சொல்லவில்லை. பாசறையிலே தலைவன், அரண்மனையிலே பிரிவால் வருந்தும் தலைவி. ஆயினும் ஓரிடத்தில், வேலின் தலையிலே வேப்பந்தார் கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியருக்குரிய அடையாளப் பூ. அவ்வொரு குறிப்பினால் தலைவன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது. ஆதலின் இஃது அகமன்று, புறமே என்றார் நச்சினார்க்கினியர்.

ஓராண்டுக்கு முன்வரை இதனை உரைகாரரின் நுணுக்கம் என்றே மாணவர்க்குக் கற்பித்து வந்தேன். இப்போது அது வாழ்க்கைக்குரிய எச்சரிக்கையாகவே தோன்றுகிறது. ஒருவரை வெளிப்படுத்தப் பெயர் வேண்டியதில்லை. ஒரு பூ போதும். ஐந்து எண்கள் போதும். மகன் ரொறன்ரோவில் இருக்கிறான் என்ற ஒரு வரி போதும்.

நம் ஊர்களிலே புதிதாக வருபவரிடம், "நீர் ஆருடைய மகன்?" என்று கேட்பது வழக்கம். உறவுமுறையைப் பிழையின்றிச் சொல்பவனை நம்மவன் என்று உள்ளே அழைத்து இருத்துவோம். அச்சோதனை முன்னாளிற் செல்லுபடியானது. ஏனெனில் அவ்வறிவு நம்மிடையே வாழ்ந்தவனுக்கன்றிக் கிட்டாதது. இன்றோ அறிவித்தல்களையும் மலர்களையும் முகநூலையும் ஒரு நாழிகை புரட்டுபவன் எவனும் அதில் தேறிவிடுவான். நம்மைப்பற்றி அறிந்தவன் நம்மை அறிந்தவன் ஆகான். இதனை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

அந்தரங்கம் பற்றிய கவலை புதியதன்று. 1890 ஆம் ஆண்டிலே வாரன், பிராண்டைஸ் என்னும் அமெரிக்க வழக்கறிஞர் இருவர், எளிதிற் படம் பிடிக்கும் கமராவும் வம்பு தேடும் பத்திரிகையும் வீட்டுக்குள் நுழைவதைக் கண்டு, அந்தரங்கத்துக்கான உரிமை பற்றி ஹார்வர்ட் சட்ட சஞ்சிகையில் எழுதினர். நம் நாட்டிலும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பிறர் கணினியிலும் கணக்கிலும் அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கியது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அதனோடு பொருந்தாத வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் கொள்கையை வகுத்தது. எனினும் அச்சட்டம் குடும்பத்தினர் தம் சொந்த அலுவலுக்காகச் செய்வனவற்றைத் தொடுவதில்லை. நாமே எழுதும் கல்வெட்டை நாமேதான் காக்க வேண்டும்.

பட்டறிந்த சிலவற்றை வாசகர்க்குச் சொல்கிறேன். தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண் நம் வீட்டுத் திறப்பு. வங்கியின் பெயரால் கேட்பவருக்கும் அதனைச் சொல்லலாகாது. பணம், பரிசு, அவசரம் என்று எவர் அழைப்பினும் தொலைபேசியை வைத்துவிட்டு, நாம் முன்னரே அறிந்த இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும். "ஒருவருக்கும் சொல்லாதேயுங்கோ" என்பவனைப் பற்றியே முதலில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்க நேரின், இன்ன காரியத்துக்கு இன்ன நாளிற் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிவிடலாம். கடவுச்சொல்லிற் பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து, கணக்குக்கொரு கடவுச்சொல்லாக வைத்தல் நலம். கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் கேட்கும் வசதி இருப்பின் அதனையும் ஏற்க வேண்டும். முதலிற் படித்த பாடசாலை எது என்று இணையம் கேட்டால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. கற்பித்த விடையொன்றைக் கொடுத்து, வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். பொய் சொல்லலாமா என்று தயங்கும் ஆசிரிய நண்பர்கள், பொய்ம்மைக்கும் வள்ளுவர் ஓரிடத்தில் இடம் கொடுத்திருப்பதை நினைவு கொள்க.

அண்மையில் ஆட்டைத் திவசம் வந்தது. அறிவித்தலை மீண்டும் நானே எழுதினேன். அத்தானின் பெயரும், நாளும், அன்னாரின் பண்பைப் பற்றி நாலு வரியும் மட்டுமே எழுதினேன். நாடுகளும் இலக்கங்களும் இல்லை. வேண்டியவர்களை வீடு வீடாகச் சென்று அழைத்தோம். தம் பெயர் வரவில்லையென்று இருவர் முகம் சுளித்தனர். காரணத்தைச் சொன்னேன், ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

மகன் கனடாவிலிருந்து அழைக்கும்போது தமக்கையார் இப்போது முதலில் ஒரு கேள்வி கேட்கிறார். அதற்குரிய விடை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அஃது என்னவென்று எனக்கும் தெரியாது, நான் கேட்கவுமில்லை.