லினோலியத்தில் ஒரு சித்திரம்

கறுப்புப் பின்னணியில் சில வெள்ளைக் கோடுகள். கையில் ஊன்றிய தடி. எடுத்து வைத்த அடி. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராயிருந்த ஸ்ரீ நந்தலால் போஸ், தண்டி யாத்திரை நடந்த 1930-ஆம் ஆண்டில் லினோலியத்தில் செதுக்கி அச்சிட்ட மகாத்மாவின் சித்திரம் அது. எத்தனையோ வர்ணப் படங்களில் காணாத உறுதி அக்கோடுகளில் இருக்கிறது. அதே ஆண்டில் வெளிவந்த, ரவீந்திரரின் வங்காளிப் பாலபாடமான ‘ஸகஜ பாட’த்துக்கும் அவரே இம்முறையில் படங்கள் செதுக்கினார். தைல வர்ணச் சித்திரம் ஒரு தனவந்தர் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். செதுக்கிய பலகையோ ஏழைக் குழந்தையின் புத்தகத்துக்கும் வந்து சேரும். நம் வீடுகளில் இதைச் செய்து பார்க்க வேண்டுமென்று நான் விரும்புவது இதனால்தான்.

லினோலியம், தரையில் விரிப்பதற்காக 1860-களில் இங்கிலாந்தில் வால்டன் என்பவர் கண்டுபிடித்த பொருள். ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணியின்மேல் படியச் செய்வது. மரத்தைப்போல் இதில் நார் ஓடுவதில்லை; ஆகவே உளி எத்திசையிலும் தடையின்றிச் செல்லும். சற்று வெயிலில் வைத்தால் இன்னும் மிருதுவாகும். உளிக்கு முன்னால் மற்றொரு கையை மட்டும் ஒருபோதும் வைக்கலாகாது.

சிரமம் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. பென்சிலால் கோடு போட்ட இடம் கறுக்கும். இங்கே செதுக்கிய இடம் வெளுக்கும், விட்டுவைத்த இடமே கறுக்கும். இடமும் வலமும் வேறு மாறிவிடும். ‘கொ’ என்று அச்சாக வேண்டுமானால், காலை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்து, எழுத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும்!

ஓவியர் பிக்காஸோ எழுபது வயதைக் கடந்த பின், 1950-களின் பிற்பகுதியில், பிரான்ஸில் இவ்வேலையில் தீவிரமாக இறங்கினார். ஒரே பலகையைச் சிறிது செதுக்கி ஒரு வர்ணம் அச்சிட்டு, மேலும் செதுக்கி அடுத்த வர்ணத்தை அதன்மேல் அச்சிடுவார். முடிந்த பின் இன்னொரு பிரதி வேண்டுமென்றால் கிடைக்காது. பலகையில் மிஞ்சியிருப்பது கடைசி வர்ணத்துக்குரிய பாகம் மட்டுமே. துணிச்சலான வித்தைதான். ஆயினும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நந்தலாலின் கறுப்பு வெள்ளையே ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

அச்சு இயந்திரம் அவசியமில்லை. ரப்பர் உருளையால் மையை மெல்லியதாகத் தடவி, காகிதத்தைப் பரப்பி, மரக்கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தாற் போதும். முதற் பிரதி பெரும்பாலும் வெளிறியே வரும். பலகையில் மை படியப் படிய, மூன்றாவது நான்காவது பிரதிதான் நல்ல கறுப்பாக விழும்.