பள்ளி தேடும் படலம் – 7: பெயர்ப்பலகையில் மட்டும் இருபாலர்

அட்மிஷன் நேரத்தில் தனியார் பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்தால் தவறாமல் காதில் விழும் ஒரு பெருமை உண்டு. "எங்க ஸ்கூல்ல பசங்களும் பொண்ணுங்களும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கவே மாட்டாங்க சார். அவ்ளோ டிசிப்ளின்." சொல்லும் முதல்வரின் முகத்தில் நிறைவு. கேட்கும் அப்பாவின் முகத்தில் அதைவிடப் பெரிய நிம்மதி. பேசிக்கொள்ளவே கூடாது என்றால் இரண்டு பள்ளிகளாகவே நடத்தலாமே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, காரணம் ஊரறிந்தது. ஒரே நிலம், ஒரே லேப், ஒரே பஸ். அண்ணனையும் தங்கையையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். பெற்றோருக்கும் வசதி, நிர்வாகத்துக்கும் வசதி.

போன வாரம் பாடத்திட்டச் சண்டையைப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு ஒரு தனியார் இருபாலர் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்களுக்கு இந்த வாரம்.

பல பள்ளிகளில் நடப்பது இதுதான். ஏழாம் வகுப்புவரை கலந்து உட்காருகிறார்கள். எட்டிலோ ஒன்பதிலோ 'ஏ' செக்‌ஷன் பையன்களுக்கு, 'பி' செக்‌ஷன் பெண்களுக்கு என்று ஆகிவிடும். மாடிப்படியும் தனித்தனி. சாயங்காலம் பெண்களுக்கு முதல் மணி, பையன்களுக்கு இரண்டாம் மணி. ஒருவரிடம் இன்னொருவர் ரெக்கார்டு நோட்டு வாங்கிவிட்டால் வீட்டுக்கு போன் போகும். பேசிப் பழகக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் சுவர் எழுப்பிவிட்டு, பதினெட்டு வயதில் கல்லூரியிலும் இருபத்திரண்டில் அலுவலகத்திலும் சட்டென்று சகஜமாக இரு என்றால் எப்படி?

மதிப்பெண்ணுக்காக இருபாலர் பள்ளியைத் தேடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தென்கொரியாவின் சோல் நகரில் மேல்நிலைப் பள்ளி இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. எந்தப் பள்ளி என்பது பெற்றோர் கையில் இல்லாததால் ஆய்வாளர்களுக்கு அது அருமையான களமாக அமைந்தது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளிகளில் படித்தவர்களே கல்லூரி நுழைவுத் தேர்வில் சற்று முன்னே நின்றதாகச் சொன்னது. அடுத்த ஆண்டே 21 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களின் தரவுகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வு, குடும்பப் பின்னணி போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. ஆக, மதிப்பெண்ணை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. சேர்ந்து வளர வேண்டும் என்று நினைத்தால் மட்டுமே இருபாலர் பள்ளிக்கு அர்த்தம் உண்டு. கேரளத்தில் 2022-ல் குழந்தைகள் உரிமை ஆணையம், ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்ற பிரிவே இனி வேண்டாம் என்று உத்தரவிட்டதும் அந்த நினைப்பில்தான்.

அப்படியானால் எதைப் பார்த்துச் சேர்ப்பது? ரிசப்ஷனில் இருக்கும் கோப்பைகளை விட்டுவிடுங்கள். பள்ளி நடக்கும் ஒரு நாளில், முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். பெண்கள் கழிப்பறையில் அந்த நேரத்தில் தண்ணீர் வருகிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா என்று அம்மாக்கள் நேரில் பார்க்கலாம். சாயங்காலம்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பி.டி. பீரியடில் மைதானம் யாரிடம் இருக்கிறது? பையன்கள் கிரிக்கெட் ஆட, பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நோட்டு எழுதிக்கொண்டிருந்தால் அந்தப் பள்ளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது. லேபில் ஒரே மேசையில் இருவரும் நின்று சோதனை செய்கிறார்களா, அல்லது அவன் செய்ய அவள் எழுதிக்கொள்கிறாளா? கணக்கும் இயற்பியலும் எடுப்பவர்களில் பெண் டீச்சர்கள் இருக்கிறார்களா? மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அது இருக்க வேண்டும். முதல்வர் "அதெல்லாம் நம்ம ஸ்கூல்ல தேவையே படலை" என்றால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

பிளஸ் டூ வரை அங்கேயே படிக்கவைப்பது என்று முடிவென்றால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பழைய வியாபாரம் திரும்பாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நீட்டும் ஜே.இ.இ.யும் பிளஸ் ஒன் பாடத்தையும் சேர்த்தேதான் கேட்கின்றன.

சேர்க்கையின்போது பிள்ளைக்கு 'சும்மா ஒரு டெஸ்ட்' என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்புவரை தேர்வு வைத்துச் சலித்தெடுப்பது தவறு. முதல் தடவைக்கே 25,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. நன்கொடை வாங்கினால் வாங்கியதைப்போல் பத்து மடங்கு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. மெட்ரிக் பள்ளிகளுக்கு, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு கட்டணம் நிர்ணயிக்கிறது. பள்ளி கேட்கும் தொகையையும் குழு நிர்ணயித்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை போடச் சொல்லவில்லை; பிள்ளை அங்கேதான் படிக்கப்போகிறது. தெரிந்தாவது கட்டலாம்.

கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று எந்த ரசீதிலும் வராது. மருத்துவத்திலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அந்த ஒதுக்கீட்டில் போகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கும் அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ அதே ஏழு வருடம் படித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து, "இது சரிப்படல, பிளஸ் ஒன்னுக்கு கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கே மாத்திடலாம்" என்று திரும்பினால் இந்தக் கதவுகள் மூடியிருக்கும். கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டுவரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் உள்ஒதுக்கீட்டில் விலக்கு. சம்பளத்தில் பிடித்தம்போக மிஞ்சுவதில் பிள்ளையை டாக்டராக்க நினைக்கிற வீடு, ஊர் அரசுப் பள்ளியையும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நஷ்டமில்லை. அவற்றில் பலவும் இருபாலர் பள்ளிகள்தான்.

(தேடல் தொடரும்)